முட்டிக்குள் ஒரு சுருக்குப்பை

(கொல்லிமலைச் செம்மேட்டில் பொதுமக்கள் முன் மூட்டு மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செம்மேட்டில் மேடை ஏறினால் இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றிப் பேசுவதுதான் முறை. ஆடி மாதம் ஓரி விழாவுக்கு வருகிற பேச்சாளர்கள் அதை என்னைவிட நன்றாகவே செய்துவிடுகிறார்கள். நான் முட்டியைப் பற்றிப் பேச வந்தவன். ஆனாலும் ஓரியைத் தாண்டி இந்த ஊரில் எதையும் தொடங்க முடியாது. அதனால் அவரிடம் ஒரே ஒரு அம்பை மட்டும் கடன் வாங்கிக்கொள்கிறேன்.

வன்பரணர் புறநானூற்றில் சொல்லியிருக்கும் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஓரி விட்ட அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது. அம்பு ஒன்று, விலங்கு ஐந்து.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பதும் அந்த அம்பைத்தான். "முட்டி நோவுதுங்க, ஒரு ஊசியப் போட்டு உடுங்க." எந்த நோவாக இருந்தாலும் ஒரே ஊசி, ஒரே மாத்திரை. ஓரிக்கு வாய்த்தது மருத்துவனுக்கு வாய்க்காது. முட்டி நோவு என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுவதற்குள் குறைந்தது ஐந்து விலங்குகள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி அம்பு வேண்டும்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. யாருக்கெல்லாம் முட்டியில் வலி உண்டோ, அவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே வலிக்கிற இடத்தில் கை வையுங்கள். பார்த்தீர்களா? எல்லோரும் உள்ளங்கையை விரித்து முட்டியை அப்படியே பொத்திவிட்டீர்கள், கோழி குஞ்சை மூடுகிற மாதிரி. இந்தப் பேச்சு முடிவதற்குள் அந்த உள்ளங்கை ஒற்றை விரலாக மாற வேண்டும். நான் மலையேறி வந்தது அதற்காகத்தான்.

*

நம் வயதுக்காரர்களில் முட்டி போடாமல் பள்ளிக்கூடம் முடித்தவர் யாராவது உண்டா? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பிள்ளைகளின் உடம்பில் தண்டனை விழக்கூடாது என்று சொல்லிவிட்டது. நாமெல்லாம் அதற்கு முன்பே பிறந்துவிட்டோம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். சிமெண்டுத் தரையில் அரைமணி நேரம் முட்டி போட்டோம். கீழே கல் மாதிரித் தரை. மேலே கல் மாதிரிச் சில்லு எலும்பு. நடுவில் ஒரு தோல். அந்தத் தோல் ஏன் நைந்து போகவில்லை?

தோலுக்கும் சில்லுக்கும் இடையே ஒரு பை இருந்தது. மருத்துவத்தில் அதற்குப் பர்சா என்று பெயர். லத்தீனில் பை என்று பொருள். உங்கள் சட்டையில் இருக்கும் பர்ஸ், இந்தச் சொல்லின் பேத்தி. வேலையை வைத்து மசகுப்பை என்று தமிழில் சொல்லலாம். எனக்குப் பிடித்த பெயர் வேறு. பாட்டிகள் இடுப்பில் செருகியிருப்பார்களே, சுருக்குப்பை, அது. வெற்றிலையும் சில்லறையும் தீர்ந்த அன்றைக்கு அந்தப் பை எப்படிக் கிடக்கும்? இரண்டு பக்கத் துணியும் ஒட்டிக்கொண்டு, தட்டையாக, இருக்கிறதே தெரியாமல். நல்ல முட்டியில் மசகுப்பையும் அப்படித்தான் கிடக்கிறது. மெல்லிய சவ்வு இரண்டு, நடுவே ஈரம் தடவியதுபோல் கொஞ்சம் நீர். புத்தகப் படங்களில் அதைத் தண்ணீர் நிரம்பிய பலூனாக வரைந்துவிடுகிறார்கள். பலூனாக ஊதியபின் அது நோய்.

வீட்டில் செய்து பாருங்கள். பால் கவர் ஒன்றைக் கழுவி, உள்ளே நாலு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு, காற்றைப் பிழிந்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேயுங்கள். ஒரு பக்கம் இந்தக் கையோடு போகும், மறுபக்கம் அந்தக் கையோடு போகும். வழுக்கல் முழுக்கப் பைக்குள்ளேயே நடக்கும். பையை எடுத்துவிட்டு வெறுங்கையைத் தேயுங்கள், சூடு பறக்கும். மசகுப்பையின் வேலை இந்த நாலு சொட்டு எண்ணெயின் வேலைதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் ஒன்றோடொன்று மோதாமல் தாங்குவது இந்தப் பை இல்லை. அது குருத்தெலும்பின் வேலை. பிறை வடிவத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் ஜவ்வின் வேலை. "தேய்மானம்" என்று நீங்கள் சொல்வது அங்கே நடப்பது. மசகுப்பைகள் பெரும்பாலும் மூட்டுக்கு வெளியே இருக்கின்றன. எலும்பின்மேல் தோல் உரசும் இடம், எலும்பின்மேல் தசைநாண் உரசும் இடம், தசைநாண்மேல் தசைநாண் உரசும் இடம், இங்கெல்லாம் ஒவ்வொன்று. உடம்பு முழுவதும் நூற்றுக்கும் மேல் உண்டு. முட்டியைச் சுற்றி மட்டும் பத்துக்குக் குறையாது.

இன்னொரு வேடிக்கை. ஆழத்தில் தசைநாண்களுக்கு அடியில் இருக்கும் பைகள் பிறக்கும்போதே கூட வருகின்றன. தோலுக்கு அடியில் இருப்பவற்றில் பல, பிள்ளை தவழ்ந்து, விழுந்து, மண்டியிட்டு உரச ஆரம்பித்த பிறகுதான் உருவாகின்றன. பெரியவர்களுக்கும் புது இடத்தில் உரசல் வந்தால் உடம்பு அங்கே புதுப்பை ஒன்றைத் தைத்துக்கொள்ளும். காலை இழந்து செயற்கைக் கால் மாட்டியவரின் மீதிக்காலில், முன்பு இல்லாத பை முளைப்பதை நாங்கள் பார்க்கிறோம். ஆக, ஒருவர் உடம்பில் எந்த இடத்தில் பை தடித்திருக்கிறது என்று பார்த்தால், அவர் என்ன வேலை செய்து பிழைத்தார் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

பைக்குள் இருக்கும் நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூட்டுக்குள் இருப்பதும் இதே வகை நீர்தான். 16ஆம் நூற்றாண்டில் பாரசெல்சஸ் என்ற ஐரோப்பிய மருத்துவர் இதற்குச் சினோவியா என்று பெயர் வைத்தார். முட்டையின் வெள்ளைக்கரு போல இருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். இதன் வழவழப்புக்குக் காரணமான ஹயலூரோனிக் அமிலத்தை 1934இல் நியூயார்க்கில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இன்றைக்கு அதே பெயர் முகப்பூச்சு விளம்பரத்தில் வருகிறது. மெதுவாக அசைத்தால் இந்த நீர் கெட்டியாக நின்று தாங்கும், வேகமாக அசைத்தால் இளகி வழிவிடும். முழு முட்டிக்குள்ளும் இது ஒரு தேக்கரண்டி அளவுகூட இருக்காது. அந்தக் கால வண்டிக்காரர் அச்சுக்கு மை போடும்போது குடம் குடமாகவா ஊற்றினார்? விரலால் தொட்டுத் தடவினார். அந்தக் கணக்குதான்.

*

இப்போது ஐந்து இடங்களுக்கு வருவோம். நான் சொல்லச் சொல்ல நீங்களும் உங்கள் முட்டியில் தொட்டுப் பாருங்கள்.

முதல் இடம், சில்லுக்கு நேர் முன்னால். முன்னால் சாய்ந்து முட்டி ஊன்றினால் பாரம் சில்லின்மேல் விழுகிறது. குனிந்து தரை துடைக்கிறவர்கள், டைல்ஸ் பதிக்கிறவர்கள், வண்டிக்கு அடியில் புகுந்து வேலை செய்யும் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் இங்கேதான் வீங்கும். பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி, தொட்டால் மெத்தென்று இருக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் காலை மெதுவாக மடக்கினால் பெரும்பாலும் மடங்கும். ஏனென்றால் கோளாறு மூட்டுக்குள் இல்லை, வாசலில்தான்.

இந்த வாசலில் ஒரு ஆபத்தும் உண்டு. இங்கே மிளகு பறிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சில்வர் ஓக் மரத்தில் ஏணியைச் சாத்தி, கொடியை எட்டிப் பறிக்க முட்டியை மரத்தில் முட்டுக்கொடுத்து நிற்கிறீர்கள். தோல் சிராய்க்கிறது, முள் கீறுகிறது. அந்தக் கீறல் வழியாகக் கிருமி பைக்குள் போய்விட்டால் சீழ் பிடிக்கும். பெரும்பாலும் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமிதான். முட்டி முன்பக்கம் சிவந்து, சுட்டு, தொட விடாமல் வலித்து, காய்ச்சலும் வந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். இங்கேயே செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. சர்க்கரை நோய் இருப்பவர்கள் ஒரு ராத்திரிகூடத் தள்ளிப்போட வேண்டாம். வீட்டில் ஊசியால் குத்திச் சீழ் எடுப்பது, சூடு வைப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். வெளியே இருக்கும் கிருமிக்கு உள்ளே போக நாமே வழி வெட்டிக் கொடுத்ததாகிவிடும்.

இரண்டாவது இடம், சில்லுக்குக் கீழே, கீழ்க்கால் எலும்பு தொடங்கும் மேட்டில். நிமிர்ந்து மண்டியிட்டால் பாரம் சில்லைத் தாண்டிக் கீழே இறங்கி இங்கே விழுகிறது. வேளாங்கண்ணியில் நேர்த்திக்கடனுக்காக மணலில் முழந்தாளிலேயே நடந்து போவார்களே, அவர்கள் முட்டியைப் பார்த்தால் தெரியும். முட்டி போடச் சொன்ன வாத்தியார் "நிமிர்ந்து போடுடா" என்று சொன்னபோதெல்லாம் இந்தப் பைதான் நமக்காக உழைத்தது.

மூன்றாவது இடம் உங்கள் மலைக்கே உரியது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். முட்டியின் உட்பக்கம், மூட்டுக் கோட்டுக்கு மூன்று விரற்கடை கீழே தொடுங்கள். தொடையிலிருந்து இறங்கிவரும் மூன்று தசைநாண்கள் இங்கே விரிந்து எலும்பில் ஒட்டுகின்றன. மூன்று விரலும் விரிந்த வாத்துப் பாதம் போல் தெரிவதால் மருத்துவத்தில் அதற்கு வாத்துக்கால் என்றே பெயர். அதற்கு அடியில் ஒரு மசகுப்பை. 1937இல் மாஷ்கோவிட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இந்தப் பையின் வீக்கத்தை முதலில் விவரித்தார். அவர் பார்த்தவர்களில் பெரும்பாலோர் படி ஏறி இறங்கும்போது வலிக்கிறது என்று சொன்ன பெண்கள். எல்லோரும் அதை மூட்டுத் தேய்மானம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதே மாதிரி ஒரு பாட்டி என்னிடம் வந்தார். கையில் எக்ஸ்ரே. படத்தில் தேய்மானம் இருந்தது. அறுபதைத் தாண்டியவர் படத்தில் தேய்மானம் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

"எங்க வலிக்குது பாட்டி?"

"முட்டிங்க."

"முட்டியில எங்க?"

"முட்டி பூராந்தாங்க."

"ஒரே ஒரு விரலால காட்டுங்க."

கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு வாத்துக்காலில் வந்து விரலை நிறுத்தினார். அப்புறம் அவராகவே சொன்னார்: "ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்தா, இந்த முட்டியும் அந்த முட்டியும் பட்டதுன்னா உசுரு போயிருதுங்க." எக்ஸ்ரே சொல்லாததை அந்த ஒரு வரி சொல்லிவிட்டது. இரண்டு முட்டிக்கும் நடுவில் ஒரு தலையணை வைத்துப் படுக்கச் சொன்னேன். சில நாள் சுமை தூக்க வேண்டாம், ஈரத்துணியைப் போட்டுக் குளிர வையுங்கள் என்றேன். தொடையின் பின்தசையை நீட்டும் பயிற்சி ஒன்றும் சொல்லிக்கொடுத்தேன். தேய்மானம் அப்படியேதான் இருந்தது. அவரைத் தூங்கவிடாமல் செய்த வலி போய்விட்டது.

இது உங்கள் மலைக்கு உரியது என்று ஏன் சொன்னேன்? பெர்லினில் ஒரு ஆய்வுக்குழு, செயற்கை முட்டி பொருத்திய ஐந்து பேரின் முட்டிக்குள்ளேயே விசையை அளக்கும் கருவி வைத்து அளந்து 2010இல் வெளியிட்டது. சமதரையில் நடக்கும்போது முட்டியில் விழும் அதிகபட்ச விசை, உடல் எடையைப்போல் 2.6 மடங்கு. படி ஏறும்போது 3.2 மடங்கு. படி இறங்கும்போது 3.5 மடங்கு. ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு அம்மா நடந்தால் முட்டிக்கு 130 கிலோ. இறங்கினால் 175 கிலோ. தலையில் ஒரு பலாப்பழம் இருந்தால் கணக்கு இன்னும் ஏறும்.

ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது சும்மா என்று நினைக்கிறோம். மூச்சுக்கு அது சரி. முட்டிக்கு நேர்மாறு. அறப்பளீசுவரர் கோயிலிலிருந்து ஆகாயகங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் விறுவிறு என்று இறங்கிக் குளித்துவிட்டு, ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். முட்டி நோவு அடுத்த நாள் காலை ஊரில் எழுந்ததும் தெரியும். அது இறங்கியதற்கான சம்பளம். நீங்கள் அவர்களைப்போல ஒரு நாள் இறங்குவதில்லை, ஆயுள் முழுக்க இறங்குகிறீர்கள்.

நான்காவது இடம், முட்டியின் பின்மடிப்பு. இங்கே இருக்கும் பை பலருக்கு மூட்டின் உள்ளறையோடு ஒரு சின்னச் சந்து வழியாகச் சேர்ந்திருக்கும். மூட்டுக்குள் தேய்மானத்தாலோ ஜவ்வு கிழிந்ததாலோ நீர் அதிகமானால், அந்த நீர் சந்து வழியாகப் பின்பக்கம் வந்து தேங்கும். வந்த நீர் எளிதில் திரும்பிப் போகாது. டப்ளினில் ராபர்ட் ஆடம்ஸ் 1840லேயே இதைக் கவனித்து எழுதினார். லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் மாரன்ட் பேக்கர் 1877இல் எழுதினார். பெயர் பின்னால் வந்தவருக்குப் போய்விட்டது, பேக்கர் கட்டி. அது தனி நோய் அல்ல. வீட்டுக்குள் குழாய் உடைந்தால் கொல்லைப்புறம் ஈரமாவதுபோல. கொல்லையைத் துடைத்துப் பயனில்லை, குழாயைப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு எச்சரிக்கை. இந்தக் கட்டி சில நேரம் உடைந்து, நீர் ஆடுசதைக்குள் இறங்கிவிடும். ஆடுசதை திடீரென்று வீங்கி வலிக்கும். காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தாலும் அச்சு அசலாக இப்படியே இருக்கும். வெளியே பார்த்து எது என்று நானே சொல்ல முடியாது, ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும். ஆகவே ஒரு பக்க ஆடுசதை மட்டும் திடீரென்று வீங்கினால் எண்ணெய் போட்டு நீவிவிடாதீர்கள். உறைந்த ரத்தமாக இருந்தால், நீவுகிற கை அதை நுரையீரலுக்கு அனுப்பிவிடக்கூடும்.

ஐந்தாவது இடம், மூட்டின் உள்ளேயே. "முட்டியில் நீர் கோத்திருக்கு" என்கிறோமே, அது. சில்லுக்கு மேலே, தொடை முடியும் இடத்தில் ஒரு பை இருக்கிறது. அது மூட்டின் உள்ளறையோடு சேர்ந்தே இருக்கும் அறை. உள்ளே நீர் கூடினால் சில்லைச் சுற்றியுள்ள குழிகள் நிரம்பும், முட்டி முழுவதும் உருண்டையாகும், மடக்கவும் நீட்டவும் வராது. இது தேய்மானமாக இருக்கலாம், வாதமாக இருக்கலாம், யூரிக் அமிலமாக இருக்கலாம், கிருமியாகவும் இருக்கலாம். இதை வீட்டு வைத்தியத்தில் விடாமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

*

இந்த நோவுகளுக்கு மேல்நாட்டில் வைத்த பழைய பெயர்களைக் கேளுங்கள். சில்லின்மேல் வீங்கினால் வேலைக்காரி முட்டி. தரை துடைத்த பெண்களை வைத்து வந்த பெயர். சில்லுக்குக் கீழே வீங்கினால் பாதிரியார் முட்டி. நிலக்கரிச் சுரங்கத்தில் தவழ்ந்து வேலை செய்தவர்களுக்கு வந்ததைச் சுரங்கத்தார் அடிபட்ட முட்டி என்றார்கள். பிரிட்டனில் 1906ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ், மறு வருடமே அதை இழப்பீடு பெறத்தக்க தொழில்நோய்களில் சேர்த்தார்கள். பெயர் கிடைத்ததால் பணமும் கிடைத்தது.

நம் பக்கம் சாமை வயலில் நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து களை எடுக்கிற பெண்ணின் முட்டிக்கு என்ன பெயர்? குச்சிக்கிழங்கு மூட்டையோடு சரிவில் இறங்குகிறவர் முட்டிக்கு என்ன பெயர்? "வயசாச்சுல்ல", அவ்வளவுதான். நாற்பது வயதிலேயே அந்தப் பெயரை வைத்துவிடுகிறோம். இத்தாலியில் ரமாசினி என்ற மருத்துவர் 1700இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் மருத்துவன் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்று அதில் சொன்னார்: நீ என்ன தொழில் செய்கிறாய்? முந்நூறு வருடத்துக்குப் பிறகும் நாங்கள் அந்தக் கேள்வியை அவசரத்தில் விட்டுவிடுகிறோம். நாங்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். "இந்த இடத்தில் வலி, இந்த வேலை செய்கிறேன்." இந்த இரண்டு வாக்கியம் பாதி எக்ஸ்ரேக்களை மிச்சப்படுத்தும்.

வலியைப் பற்றி இந்த மலையில் பேசும்போது ஒருவரை விட்டுவிட முடியாது. வாழவந்தியில் தங்கி வேலை செய்த ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற மிஷனரித் தம்பதியைப் பற்றிப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜெஸ்ஸி 1929இல் இந்த மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். அவர்களுடைய மகன் பால் பிராண்ட், 1914இல் பிறந்து, ஒன்பது வயது வரை இந்த மண்ணில் ஓடியாடி வளர்ந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் படித்துவிட்டு 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திய அறுவை மருத்துவர் அவர்தான்.

அவர் கண்டு சொன்னது இது: தொழுநோயில் கைகால் அழிவதற்குப் பெரிய காரணம் கிருமி நேரடியாகத் தின்பது அல்ல, உணர்ச்சி போய்விடுவது. நமக்குச் செருப்புக்குள் சிறு கல் புகுந்தால் நம்மை அறியாமலே நடையை மாற்றுகிறோம், பாரத்தை வேறு பக்கம் போடுகிறோம். உணர்ச்சி இல்லாதவர் மாற்றுவதில்லை. அதே இடத்தில் அதே பாரம், புண்ணாகும்வரை. நொண்டுவதுகூட உடம்பின் புத்திசாலித்தனம் என்பது அவரிடம் நான் கற்றது. பிறகு 1966இல் அமெரிக்கா போய், உணர்ச்சி இல்லாதவர்களுக்குச் செயற்கை வலி தரும் கருவியைச் செய்ய அவரும் அவருடைய குழுவும் வருடக்கணக்கில் முயன்றார்கள். கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை அறியும் கருவி, அழுத்தம் மிஞ்சினால் ஒலி. ஒலியை யாரும் மதிக்கவில்லை. சின்ன மின்னதிர்ச்சி வைத்தார்கள். முக்கியமான வேலை வந்தபோது நோயாளிகள் பொத்தானை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். முயற்சி அத்தோடு நின்றது.

அந்தப் பொத்தான் இன்று நம் ஒவ்வொருவர் வீட்டுப் பரணிலும் இருக்கிறது. வலி மாத்திரை. நான் மாத்திரைக்கு எதிரி இல்லை, நானே எழுதித் தருகிறேன். ஆனால் காலையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு அதே சரிவில் அதே மூட்டையோடு இறங்கினால், அது வைத்தியம் ஆகாது, பொத்தானை அணைப்பதுதான். நாள்பட்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது சும்மா விடாது.

*

கடைசியாக நீங்கள் எல்லோரும் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. "டாக்டரே, எங்க முடவாட்டுக்கால் என்ன ஆச்சு?"

கோயில் வழியிலும் அருவி வழியிலும் குவித்து வைத்து விற்கிறீர்கள், நானும் ஒவ்வொரு தடவையும் வாங்கிப் போகிறேன். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணி வகை அது. கிழங்கென்று நாம் சொல்வது அதன் தண்டு. மேலே பழுப்பு ரோமத்தோடு ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். ரோமத்தைச் சீவி, நறுக்கித் தட்டி, மிளகு சீரகம் பூண்டு சின்ன வெங்காயம் போட்டுக் கொதிக்கவிட்டால், சைவம் சாப்பிடுகிறவருக்கும் ஆட்டுக்கால் சூப்பின் மணம் தெரியும். உங்கள் பாறையில் ஆட்டுக்கால், உங்கள் முட்டியில் வாத்துக்கால்.

அது வேலை செய்யுமா? அதன் சாறு எலிகளிடம் வீக்கத்தையும் வலியையும் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. எலிக்கு நடந்ததை வைத்து மனிதனுக்கு உறுதி கொடுக்க மாட்டேன். சூடான மிளகுச் சூப் குளிரான காலை நேரத்தில் இதம்தான், குடியுங்கள். ஆனால் சீழ் பிடித்த முட்டிக்கும், திடீரென்று வீங்கிய ஆடுசதைக்கும் சூப்பை நம்பி மூன்று நாள் காத்திருக்காதீர்கள். ஓரியின் அம்பை அந்தக் கிழங்கிடமும் கேட்கக் கூடாது.

பிறகு என்னதான் செய்வது? பெரிய செலவு எதுவும் இல்லை. முட்டி ஊன்றும் வேலைக்குக் கோணிச்சாக்கை நாலாக மடித்துக் கீழே போடுங்கள். களை எடுக்கும்போது அரைமணிக்கு ஒருமுறை எழுந்து காலை நீட்டுங்கள். கிழங்கு சீவவும் காய் நறுக்கவும் ஒரு மணைக்கட்டையில் உட்காருங்கள். குந்தி உட்காருவதைவிட முட்டிக்கு நல்லது. இறங்கும் சுமையை இரண்டு நடையாகப் பிரியுங்கள். தினமும் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை. தொடையின் முன்தசை வலுத்தால் முட்டியின் பாரத்தில் அது பங்கு வாங்கிக்கொள்ளும். வீங்கியது பைதான் என்று தெரிந்தால், ஓய்வும் குளிர்ச்சியும் பெரும்பாலும் போதும். சிலருக்கு நீரை ஊசியால் எடுப்போம், சிலருக்கு மருந்து போடுவோம். வெட்டி எடுப்பது அபூர்வம்.

கைத்தடியைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும், "நான் என்ன கிழவனா" என்று. பால் பிராண்டின் தாயார் எவலின் தன் முதுமையில் இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றிக்கொண்டு மலை மலையாக நடந்தார். 1974இல் காலமானபோது அவருக்கு வயது 95. தடி ஊன்றினால் பாரத்தின் ஒரு பங்கு முட்டிக்குப் போகாமல் கைக்குப் போகிறது. வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் பிடியுங்கள். மூங்கிலுக்கு இந்த மலையில் பஞ்சம் இல்லை.

நாளைக் காலை நான் ஆகாயகங்கைக்கு இறங்கப் போகிறேன். கையில் கோலோடுதான். அது இருக்கட்டும். இப்போது மறுபடியும், முட்டி வலி இருப்பவர்கள் வலிக்கிற இடத்தைக் காட்டுங்கள்.

ஆங், அப்படித்தான். பின்வரிசையில் அந்த அம்மா மட்டும் இன்னும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஐந்து இடத்திலும் இருக்கிறதோ என்னவோ. கூட்டம் முடிந்ததும் வாங்கம்மா, உட்கார்ந்து பார்ப்போம்.